கொடைக்கானலில் உள்ளூர்க்காரனுக்கு வீட்டுக்கடன் கிடைக்குமா? மூன்று வருடம் அலைந்த கதை

வணக்கம் மக்களே. பின்னால் வெள்ளையாகத் தெரிவது சுவர் இல்லை, மூடுபனி. ஐந்து நிமிடத்துக்கு முன்பு வரை பள்ளத்தாக்கு முழுசாகத் தெரிந்தது. கேமராவை ஆன் செய்தேன், மூடிக்கொண்டது. பரவாயில்லை, இன்றைக்குக் காட்ட வேண்டியது காட்சி இல்லை. நான் நிற்கிற இந்த இடத்தைத்தான். கீழே பாருங்கள், கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது. இது என் வீடு. அதாவது, ஆகப்போகிற வீடு.

போன வீடியோவில் "கடன் கிடைத்துவிட்டது" என்று ஒரு வரி சொன்னதற்கே அத்தனை கேள்வி. கொடைக்கானல், வில்பட்டி, பண்ணைக்காடு பக்கம் மட்டும் இல்லை, கோத்தகிரி, ஏற்காடு ஆட்களும் கேட்டிருந்தீர்கள். எல்லாருக்கும் ஒரே சந்தேகம்தான். "இங்கேயே பிறந்து, இங்கேயே வேலை பார்க்கிறவனுக்கு வங்கி ஏன் இப்படி முகம் சுளிக்கிறது?" நானும் அதையே கேட்டுக்கொண்டு மூன்று வருடம் திரிந்தேன்.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் ஒரு ரிசார்ட்டில் கணக்கு பார்க்கிறேன். பிடித்தம் போகக் கையில் வருவது 34,000 ரூபாய். மனைவி வீட்டிலேயே சாக்லேட் செய்து ஏரிச் சாலைக் கடைகளுக்குப் போடுகிறாள். சீசனில் நல்ல காசு, ஆடி மழையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். வாடகை வீடு. அதையும் "ஏப்ரல், மே இரண்டு மாதம் காலி செய்து கொடுங்கள், டூரிஸ்டுக்கு விட வேண்டும்" என்று வீட்டுக்காரர் கேட்ட அன்றுதான் சொந்த வீட்டு யோசனையே வந்தது.

முதலில் பார்த்தது ஐந்து செண்டு இடம். செண்டு ஏழு லட்சம், மொத்தம் 35. நம் சம்பளத்துக்கும் அந்த விலைக்கும் சம்பந்தமே இல்லை, எனக்கும் தெரியும். விலையைத் தீர்மானிப்பது சென்னையிலும் பெங்களூரிலும் இருந்து வருகிறவர்கள். வருடத்துக்குப் பத்து நாள் வந்து தங்க ஒரு இடம் வேண்டும், பணம் ரெடியாக இருக்கிறது, கடனே தேவையில்லை. அவர்களோடு ஒரே வரிசையில் நின்று நானும் விலை கேட்கிறேன். ஆனாலும் 20 வருடக் கடன் போட்டால் இழுத்துவிடலாம் என்று ஒரு நப்பாசை.

விற்கிறவர் நல்ல மனிதர்தான். டீ வாங்கிக் கொடுத்து நிதானமாகச் சொன்னார்: "தம்பி, பத்திரத்தில் பத்து லட்சம் போட்டுக்கலாம். மீதி 25-ஐ கையில் கொடுத்துடுங்க." இங்கே பாதிப் பேர் இப்படித்தான் பேசுவார்கள். பதிவுக்கு அரசு வைத்திருக்கிற குறைந்தபட்ச விலையான வழிகாட்டி மதிப்பு கீழே இருக்கும், சந்தை விலை மேலே இருக்கும், நடுவில் இருப்பதெல்லாம் கறுப்புப் பணம். சட்டப்படி சொத்து பரிமாற்றத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினாலே வாங்கியவருக்கு அதே அளவு தொகையை அபராதமாகப் போடலாம். அது ஒருபக்கம். கடன் வாங்கி வீடு வாங்குகிறவனுக்கு இதில் வேறொரு குழி இருக்கிறது, அதைக் கவனியுங்கள்.

வங்கி கொடுப்பது பத்திரத்தில் இருக்கிற தொகை, அவர்களுடைய மதிப்பீட்டாளர் எழுதுகிற தொகை, இந்த இரண்டில் எது குறைவோ அதை வைத்துத்தான். ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்திருக்கிறது. 30 லட்சம் வரையிலான வீட்டுக்கடனுக்கு மதிப்பில் 90 சதவீதம், 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75. காலி மனை என்றால் இன்னும் குறைப்பார்கள். நான் போன கிளையில் 70 சதவீதம் என்றார்கள். பத்து லட்சம் பத்திரத்துக்கு ஏழு லட்சம். அப்படியானால் 35 லட்சம் இடத்துக்கு என் கையில் 28 லட்சம் இருக்க வேண்டும். 28 லட்சம் இருந்தால் நான் ஏன் சார் உங்களிடம் வருகிறேன்?

சரி, முழு விலையையும் பத்திரத்தில் எழுதலாம் என்று கேட்டேன். விற்கிறவர் சிரித்தார். அவருக்கு வருமான வரி. எனக்கும் செலவு குறைவில்லை: முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், 35 லட்சத்துக்கு 3 லட்சத்து 15 ஆயிரம். அந்தச் செலவை வங்கி மதிப்பில் சேர்க்காது, கைக்காசுதான்.

இன்னொன்றையும் வங்கி மேனேஜர் சொன்னார், அதுதான் என் தலையில் உறைத்தது. நான் முழு விலையை எழுதினாலும் மதிப்பீட்டாளர் 35 என்று எழுத மாட்டாராம். ஏன்? அவர் அக்கம்பக்கத்தில் நடந்த விற்பனைகளைப் பார்த்துத்தான் எழுதுவார். அக்கம்பக்கத்துப் பத்திரம் எல்லாமே குறைத்து எழுதியது. ஊரே சேர்ந்து பொய் விலை எழுதியிருக்கும்போது உண்மை விலையில் வாங்க வருகிறவனுக்கு ஆதாரம் கிடையாது. ரொக்கக்காரர்களுக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. அடி முழுக்க நமக்குத்தான்.

அதோடு என் தகுதியையும் போட்டுக் காட்டினார்கள். சம்பளத்தில் பாதி வரைதான் எல்லாத் தவணையும் சேர்ந்து இருக்கலாம். 34,000-ல் பாதி 17,000. பைக் தவணை 3,100, மகளிர் குழுக் கடன் 2,400. மிச்சம் 11,500. அப்போதைய 8.5 சதவீத வட்டிக்கு 20 வருடத்தில் லட்சத்துக்கு மாதம் சுமார் 868 ரூபாய் வரும். வகுத்தால் பதின்மூன்றேகால் லட்சம். அவ்வளவுதான் என் மதிப்பு. "மனைவி வருமானம் இருக்கே சார்" என்றேன். "என்ன ஆதாரம்?" என்றார். ஆதாரம் என்று நான் நீட்டியது ஒரு நோட்டு. நீல அட்டை போட்ட நாற்பது பக்க நோட்டு. "ரோஸ்ட் பாதாம் 6 கிலோ, பாக்கி 800" என்று இவள் கையெழுத்து. அவர் ஒரு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு, பாவம், சிரிக்காமல் திருப்பிக் கொடுத்தார்.

அன்று ராத்திரியே ஒரு ஆடிட்டரைப் பிடித்தோம். கடைக்காரர்களிடம் இனி காசு வேண்டாம், ஜிபே போடுங்கள் என்று சொல்லிவிட்டோம். இரண்டு வருடம் ஒழுங்காக வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தாள். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை, ஆனாலும் தாக்கல். ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள், ஜீப் ஓட்டுகிறவர்கள், பூண்டு வியாபாரம் பண்ணுகிறவர்கள் எல்லாரும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். வீடு வாங்க ஆசை இருந்தால் இந்த வருடமே கணக்கு போட ஆரம்பியுங்கள். வங்கிக்கு உங்கள் கல்லா தெரியாது, காகிதம்தான் தெரியும்.

நடுவில் ஒரு பழைய வீடு வந்தது. ஓட்டு வீடு, பேரிக்காய் மரம் இரண்டு, நாலே முக்கால் செண்டு, 22 லட்சம். விலையைக் கேட்டதும் மயங்கிவிட்டேன். இரண்டு லட்சம் அட்வான்ஸ் கொடுத்து ஒப்பந்தம் போட்டேன். அப்புறம்தான் வங்கியின் பேனல் வக்கீலிடம் ஃபைல் போனது. 30 வருட வில்லங்கம், தாய்ப்பத்திரம், பட்டா, சிட்டா, புல வரைபடம் எல்லாம் கேட்டார். பதினைந்து நாள் கழித்து ஒரு பக்கக் கடிதம் வந்தது. அந்த நிலம் அரசு ஒப்படை செய்த, அதாவது நிபந்தனை போட்டு ஒருவருக்குக் கொடுத்த நிலம். நிபந்தனைப் பட்டா. விற்கவே கூடாத இடத்தை இரண்டு கை மாற்றியிருக்கிறார்கள். வில்லங்கச் சான்றில் அது தெரியாது, ஏனென்றால் ஒப்படை என்பது பதிவு அலுவலகத்தில் நடப்பதில்லை, தாலுகா அலுவலகப் பதிவேட்டில் இருப்பது. 1892-லிருந்து தலித் மக்களுக்கு என்று கொடுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களும் இந்த மாதிரி வில்லங்கச் சான்றுக்குள் வராமல் ஒளிந்திருக்கும். அந்த மக்களுக்கு என்று கொடுத்த நிலத்தை மற்றவர்கள் வாங்கினால் செல்லாது. செல்லவும் கூடாது.

அட்வான்ஸில் ஒரு லட்சம்தான் திரும்பி வந்தது. ஒப்பந்தத்தில் "வங்கி சட்டக் கருத்து பாதகமாக வந்தால் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்" என்று ஒரு வரி இருந்திருந்தால் மீதி ஒரு லட்சமும் வந்திருக்கும். அந்த ஒரு வரியை எழுத டாக்குமென்ட் ரைட்டர் தனியாகக் காசு கேட்க மாட்டார். எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்காவது தோன்றட்டும்.

இன்னும் இரண்டு இடம் பார்த்தோம், இரண்டும் ஹக்காவில் விழுந்தது. ஹக்கா என்றால் மலையிடப் பாதுகாப்புக் குழுமம், 1990-ல் வந்தது. பட்டியலில் உள்ள மலைக் கிராமங்களில் மனை பிரிக்கவோ கட்டவோ வனத்துறை, கனிமவளத்துறை, வேளாண் பொறியியல் துறை என்று ஒவ்வொரு இடத்திலும் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். தோட்டத்தைக் கோடு போட்டுப் பிரித்து "வியூ பாயின்ட் பிளாட்" என்று விற்கிறவர்கள் இதையெல்லாம் செய்வதில்லை. அனுமதி இல்லாத மனைக்கு வங்கி கடன் தராது. கோபம் வந்தது, ஆனால் யோசித்தால் வங்கி மேல் தப்பு சொல்ல முடியவில்லை. 2019-ல் உயர் நீதிமன்ற உத்தரவில் இந்த ஊரில் கட்டடம் கட்டடமாகச் சீல் வைத்ததை நாம் எல்லாரும் பார்த்தோம். சீல் வைத்த கதவை எந்த வங்கி அடமானமாக வைத்துக்கொள்ளும்?

கடைசியில் வீட்டிலேயே இருந்தது இடம். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் சேர்ந்து கூட்டுப் பட்டாவில் ஏழு செண்டு நத்தம், அதாவது ஊர்க் குடியிருப்பு நிலம். சாலையிலிருந்து நூற்றுப் பத்து படி கீழே. அதனால்தான் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை, டூரிஸ்டுக்கு அது ஆகாத இடம். சித்தப்பா ஒரு பேச்சு பேசவில்லை. "உன் பங்கை நீ எடுத்துக்கோடா, உங்க அப்பன் நினைச்சதும் அதுதான்" என்றார். பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, சர்வேயர் வந்து அளந்து, உட்பிரிவு செய்து, என் பெயரில் மூன்றரை செண்டுக்குத் தனிப் பட்டா வாங்க எட்டு மாதம். வரைபட அனுமதிக்கு இன்னொரு ஐந்து மாதம். இடத்துக்குக் காசு இல்லை, கட்டுவதற்கு மட்டும் கடன். பைக்கையும் குழுக் கடனையும் அடைத்தாயிற்று, மனைவியின் இரண்டு வருடக் கணக்கும் கையில் இருந்தது. 2025-ல் ரெப்போ விகிதம், அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கிற வட்டி, 6.5-லிருந்து ஜூனுக்குள் 5.5-க்கு வந்திருந்ததால் வட்டியும் இறங்கியிருந்தது. 16 லட்சம் சாங்ஷன்.

கையெழுத்துப் போடும் அன்று ஒரு ஃபார்ம் கூடுதலாக இருந்தது. கடனுக்கான காப்பீடு, ஒரே பிரீமியம், அதையும் கடனிலேயே சேர்த்து. "இது கட்டாயமா?" என்று கேட்டேன். "எல்லாரும் போடுவாங்க" என்று பதில். கட்டாயமா என்று மறுபடி கேட்டேன். ஃபார்ம் மேசைக்கு அடியில் போய்விட்டது. காப்பீடு நல்லதுதான், நான் தனியாக ஒரு டேர்ம் பாலிசி எடுத்துக்கொண்டேன், அது மலிவாக முடிந்தது. மாறும் வட்டியில் தனிநபர் வாங்கும் வீட்டுக்கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது, அதையும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். சீசன் காசு வந்தால் அசலில் போடலாம்.

இப்போது இந்தச் சுவரைப் பாருங்கள். இது வீட்டுச் சுவர் இல்லை. தடுப்புச் சுவர். இது இல்லாமல் இங்கே வீடு நிற்காது, ஒரு ஐப்பசி மழை போதும். எஞ்சினியர் முதலில் போட்ட மதிப்பீட்டில் இது இல்லை. சமவெளியில் போடுவது மாதிரி சதுர அடிக் கணக்கு போட்டுவிட்டார். மூன்று லட்சம் விழுந்தது, மனைவியின் நகை அடகில் இருக்கிறது. அப்புறம் தலைச்சுமை. எம்சாண்ட் சாலையில் கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அங்கிருந்து நூற்றுப் பத்து படி, மூட்டை மூட்டையாக ஆள் இறக்க வேண்டும், இல்லையென்றால் குதிரை. கீழே வத்தலக்குண்டில் ஒரு யூனிட் மணலுக்குக் கொடுக்கிற விலையை இங்கே இறக்குகிற கூலிக்கே கொடுத்தேன். மலையில் கட்டுகிறவர்கள் தடுப்புச் சுவரையும் சுமைக் கூலியையும் மதிப்பீட்டிலேயே எழுத வையுங்கள். சாங்ஷன் ஆன பிறகு போய்க் கூட்டிக் கேட்டால் கடன் ஃபைல் மறுபடி வங்கியின் மதுரை அலுவலகத்துக்குப் போகும்.

பணமும் ஒரேயடியாக வராது. அடித்தளம் முடிந்ததும் ஒரு பகுதி, லிண்டலுக்கு, அதாவது கதவு, ஜன்னலுக்கு மேலே போடும் கான்கிரீட் பட்டிக்கு, ஒரு பகுதி, கூரைக் கான்கிரீட் போட்டதும் ஒரு பகுதி. ஒவ்வொரு முறையும் அவர்களுடைய எஞ்சினியர் வந்து போட்டோ எடுக்க வேண்டும். சீசன் நெரிசலில் போன முறை அவருடைய கார் பெருமாள்மலையோடு நின்றுவிட்டது. திரும்பிப் போய்விட்டார், பதினொரு நாள் வேலை நின்றது.

நாளைக்கு மறுபடி வருகிறேன் என்றிருக்கிறார், லிண்டல் மட்டம் பார்க்க. அதற்குள் இந்தப் பனி விலக வேண்டும். போன தடவை அனுப்பிய போட்டோவில் வெறும் வெள்ளைதான் இருந்தது என்று மதுரையிலிருந்து போன் வந்தது. மேலே குதிரைச் சத்தம் கேட்கிறது, செங்கல் வருகிறது போல. நான் போய் இறக்கிவிட்டு வருகிறேன், வைக்கிறேன்.