கல் வளைவுக்கு வெளியே வந்தால் சுடலாமாம்

வணக்கம் மக்களே. நான் பேசும்போது வாயிலிருந்து புகை வருவது தெரிகிறதா, சிகரெட் இல்லை, குளிர். காலை ஏழரை மணி, மைனஸ் 22 டிகிரி, கேமரா பேட்டரியை இவ்வளவு நேரம் அக்குளுக்குள் வைத்துச் சூடாக்கி இப்போதுதான் போட்டேன், எப்போது வேண்டுமானாலும் அணைந்துவிடும். நிற்கிற இடம் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் கார்டினர் என்கிற சின்ன ஊர். பின்னால் தெரிகிற கல் வளைவுதான் ரூஸ்வெல்ட் ஆர்ச், யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் வடக்கு வாசல்.

1995 ஜனவரி 12 அன்று இந்த வளைவு வழியாக ஒரு லாரி உள்ளே போனது. பூங்காவில் மறுபடி ஓநாய்களைக் குடியேற்ற, கனடாவின் ஆல்பர்ட்டாவில் பிடித்த எட்டு ஓநாய்கள், ஒவ்வொன்றும் ஓர் உலோகப் பெட்டிக்குள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் சாலையோரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். இதில் ஒரு கூத்து என்னவென்றால், கடைசி நேரத்தில் பண்ணையாளர் தரப்பு நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கிவிட்டது, ஓநாய்கள் பூங்காவுக்குள் வந்து சேர்ந்தும் பெட்டியைத் திறக்க அனுமதி இல்லாமல் உள்ளேயே கிடந்தன. ராத்திரி தடை நீங்கிய பிறகுதான் திறந்தார்கள். அந்த வருடமும் அடுத்த வருடமும் சேர்த்து மொத்தம் 31. 1926 வாக்கில் இதே பூங்காவில் ஓநாயே இல்லாமல் செய்ததும் அரசாங்கம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வளைவுக்கு அந்தப் பக்கம் ஓநாயைத் தொட்டால் வழக்கு. இந்தப் பக்கம், சீசன் நேரத்தில் லைசென்ஸ் இருந்தால் சுடலாம். ஓநாய்க்கு அந்த எல்லைக் கோடு தெரியுமா? பனி ஏறினால் எல்க் மான்கள் கீழே இறங்கும், மான் பின்னாலேயே ஓநாய் வரும், அவ்வளவுதான்.

2011இல் அமெரிக்க நாடாளுமன்றம் பட்ஜெட் மசோதாவுக்குள் ஒரு பத்தியைச் செருகி, மொன்டானா, பக்கத்து மாநிலமான ஐடஹோ இரண்டிலும் உள்ள ஓநாய்களை அழிவாபத்துப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. பொறுப்பு மாநிலங்களின் கைக்குப் போனது. ஐடஹோ என்ன செய்தது என்றால், சாலையே இல்லாத ஃப்ராங்க் சர்ச் வனப்பகுதிக்குள் சம்பளத்துக்கு ஆள் அனுப்பி, 2014 தொடக்கத்துக்குள் ஒன்பது ஓநாய்களைக் கொன்றது. அங்கே மாடும் இல்லை, ஆடும் இல்லை. வேட்டைக்காரர்களுக்கு எல்க் குறையக் கூடாதாம். 2016 பிப்ரவரியில் அதே ஐடஹோவின் லோலோ பகுதியில் ஹெலிகாப்டரிலிருந்து சுட்டு 20 ஓநாய்கள். சுட்டது மத்திய அரசின் விவசாயத் துறைக்குக் கீழே இருக்கிற ஓர் அமைப்பு, பெயர் 'வைல்ட்லைஃப் சர்வீசஸ்'. பெயரைத் தமிழில் சொல்லிப் பாருங்கள், காட்டுயிர்ச் சேவை!

மொன்டானா 2021இல் பூங்காவின் இந்த எல்லையோரப் பகுதிகளில் இத்தனை ஓநாய்தான் கொல்லலாம் என்று இருந்த உச்சவரம்பைத் தூக்கிவிட்டது. அந்த ஒரு குளிர்காலத்தில் மட்டும், பூங்காவிலிருந்து வெளியே கால் வைத்த 25 ஓநாய்கள் செத்தன. ஃபாண்டம் லேக் என்கிற ஓநாய்க் கூட்டமே இல்லாமல் போனது. பூங்கா நிர்வாகம் கடிதம் எழுதிப் பார்த்தது. யாருக்கு? ஆளுநருக்கு. இங்கே ஆளுநர் என்றால் நம் ஊர் முதலமைச்சர் மாதிரி. அவரே அதே வருடம் பிப்ரவரியில், கட்டாயப் பயிற்சி வகுப்பை முடிக்காமலே பொறி வைத்து, பூங்கா ஆட்கள் ரேடியோ பட்டை கட்டியிருந்த ஓநாய் ஒன்றைக் கொன்றிருந்தார். எழுத்தில் ஓர் எச்சரிக்கை கொடுத்தார்கள், முடிந்தது. அப்புறம் உச்சவரம்பு திரும்ப வந்தது, ஆனால் வருடா வருடம் மாநிலத்தின் காட்டுயிர் ஆணையம் கூடி முடிவு செய்கிற விஷயம் அது, எப்போது போகும் என்று சொல்ல முடியாது.

'மொத்த எண்ணிக்கை அப்படியே இருக்கிறதே, ஏன் கத்துகிறாய்' என்று போன வீடியோவில் ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்விதான் அண்ணா. ஓநாயைத் தலைக்கணக்கில் மட்டும் பார்த்தால் தப்பாகிவிடும். அது குடும்பமாக வாழ்கிற மிருகம். 2006இல் பிறந்ததால் '06' என்றே எல்லோரும் கூப்பிட்ட ஒரு பெண் ஓநாய், லாமர் பள்ளத்தாக்கின் தலைவி. 2012 டிசம்பரில் பூங்காவுக்குக் கிழக்கே வயோமிங் மாநிலத்தில் சட்டப்படி சுடப்பட்டது. அது போனதும் கூட்டம் சிதறியது, ஜோடி ஆண் ஓநாய் தன் எல்லையையே விட்டுப் போனது. ஆறு வருடம் கழித்து அதன் மகள், ஆய்வாளர்கள் வைத்த எண் 926, சில்வர் கேட் ஊர் பக்கம், அதுவும் சுடப்பட்டது. கார் சத்தம், ஆள் நடமாட்டம் எல்லாவற்றுக்கும் பழகிய மிருகம் அது, ஓடத் தெரியவில்லை. ஓடக் கூடாது என்று பழக்கியது டெலஸ்கோப்போடு வந்து நிற்கிற நாம்தான், நானும் சேர்த்து.

பண்ணைக்காரர்களை வில்லனாக்க எனக்கு மனசில்லை. என் அப்பத்தா ஆடு வளர்த்தவர், ஒரு ராத்திரி தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து நாலு குட்டியைக் கடித்துப் போட்டபோது மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. மொன்டானாவில் 20 லட்சத்துக்கு மேல் மாடுகள். சமீப வருடங்களில் ஓநாய் கொன்றதாக உறுதியானவை வருடத்துக்கு நூறைக்கூடத் தொடுவதில்லை, அதற்கும் நஷ்டஈடு உண்டு. ஐடஹோவிலேயே வுட் ரிவர் பள்ளத்தாக்கில் 2008லிருந்து முடிந்தவரை ஓநாயைச் சுடாமல் ஆயிரக்கணக்கான ஆடுகளை மேய்க்கிறார்கள். காவல் நாய், ராத்திரி விளக்கு, சத்தம், அப்புறம் கயிற்றில் வரிசையாகச் சிவப்புத் துணி கட்டிப் பட்டியைச் சுற்றிவிடுவது. புதுசாக எதைப் பார்த்தாலும் ஓநாய்க்குப் பயம், துணி ஆடினால் தாண்டாது. கொஞ்ச நாளில் பழகிவிடும், அதனால் இடம் மாற்றி மாற்றிக் கட்ட வேண்டும், வேலைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஹெலிகாப்டர் வாடகையை இந்த வேலைக்கான சம்பளமாகக் கொடுங்கள் என்கிறேன்.

ஒரு நிமிஷம்... சத்தம் கேட்கிறதா? மைக்கில் ஏறுமா தெரியவில்லை. அந்த மேட்டுக்குப் பின்னால், முதலில் ஒன்று, இப்போது இரண்டு மூன்று சேர்ந்து. பூங்காவுக்கு உள்ளேயா வெளியேயா என்று இங்கிருந்து சொல்ல முடியவில்லை. பேட்டரி சிவப்பு காட்டுகிறது, நான் பேச்சை நிறுத்துகிறேன், நீங்கள் அதைக் கேளுங்கள்.