ஸ்பிரே பெயின்ட் நாசில் அடைத்துக்கொண்டதா? குண்டூசியைக் கீழே வையுங்கள்

வணக்கம் மக்களே. மொட்டை மாடியிலிருந்து பேசுகிறேன், காற்றுச் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வேலையை வீட்டுக்குள் செய்தால் அந்த வாடைக்கு அம்மா பெயின்டோடு சேர்த்து என்னையும் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

பின்னால் தெரிகிறதே, அது தாத்தா வாங்கிய டேபிள் ஃபேன். காற்று இன்றைக்கும் அருமையாக வரும், முன்பக்கக் கம்பிவலை மட்டும் துருப்பிடித்துவிட்டது. நேற்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ப்ரைமர், அதாவது அடிப்பூச்சு, அடித்தேன். இன்றைக்குக் காலையில் மேட் கருப்பு. ஒரு பக்கம் நன்றாகவே வந்தது. அது காயட்டும் என்று கேனை அப்படியே வைத்துவிட்டு, கீழே போய் டீ குடித்தேன், கொஞ்சம் பேப்பர் படித்தேன். திரும்பி வந்து அழுத்தினால் துப்புகிறது. இதோ, கிட்டே காட்டுகிறேன். இந்த மூன்று கம்பியிலும் கொப்புளம் கொப்புளமாக நிற்கிறது பாருங்கள். காய்ந்த பிறகு மறுபடியும் தேய்க்க வேண்டும். இரண்டாவது தடவை அழுத்தியபோது அந்தத் துப்பலும் இல்லை. கேனில் முக்கால்வாசி பெயின்ட் இருக்கிறது, கையில் கனம் தெரிகிறது. ஆனால் வெளியே வர மாட்டேன் என்கிறது.

முதலில் நான் போன வருஷம் செய்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன். இதே மாதிரி அடைத்தது. நாசிலை, அதாவது விரலால் அழுத்துகிற அந்தக் குமிழை, கழற்றிவிட்டு, கேனின் தலையில் இருக்கிற ஓட்டைக்குள் குண்டூசியை விட்டுக் குத்தினேன். உள்ளே இருப்பது வால்வு. ஊசி அதை அழுத்தியதும் சிவப்பு பெயின்ட் நேராக முகத்துக்கு வந்தது. மூக்குக்கண்ணாடி போடுகிறவன் என்பதால் கண் பிழைத்தது. சட்டை பிழைக்கவில்லை. அதற்கும் அடங்காமல் நாசிலின் முன்பக்க ஓட்டையையும் ஊசியால் குடைந்தேன். அடைப்பு என்னவோ போய்விட்டது. ஆனால் அந்த ஓட்டை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, பெயின்டைப் பனி மாதிரி பிரிப்பதே அதன் அளவும் வடிவமும்தான். குடைந்து பெரிதாக்கினால் குழாயடியில் தண்ணீர் பிடித்த மாதிரிதான் அடிக்கும். அந்த நாசில் அன்றோடு குப்பைக்குப் போனது.

சரி, அடைப்பு எங்கிருந்து வருகிறது? கேனுக்குள் மேல்மூடியிலிருந்து அடி வரைக்கும் ஒரு பிளாஸ்டிக் குழாய் போகிறது, பாட்டிலில் போட்ட ஸ்ட்ரா மாதிரி. மேலே வாயு, கீழே பெயின்ட். வாயு என்பது பெரும்பாலும் புரொப்பேன், பியூட்டேன் வகை, நம் சமையல் கேஸுக்குச் சொந்தக்காரர்கள். பக்கத்தில் பீடி, சிகரெட் வேண்டாம் என்று சொல்வது அதனால்தான். அழுத்தினால் வாயு பெயின்டைத் தள்ள, அது குழாய் வழியாக ஏறி நாசிலுக்கு வருகிறது. விரலை எடுத்ததும் வால்வு மூடிக்கொள்ளும். ஆனால் வால்வுக்கும் வெளி ஓட்டைக்கும் நடுவில் ஒரு சொட்டு மாட்டிக்கொள்கிறது. சீக்கிரம் காய வேண்டும் என்பதற்காகவே செய்த பெயின்ட் ஆயிற்றே, உள்ளேயும் சீக்கிரம் காய்ந்துவிடும். நம் ஊர் வெயிலில் கேட்கவே வேண்டாம்.

அந்தச் சொட்டைக் காயும்முன்பே வெளியேற்ற வழி இது. புதுக் கேன் ஒன்று வைத்திருக்கிறேன், பாருங்கள். தலைகீழாகப் பிடிக்கிறேன். இப்போது ஸ்ட்ராவின் முனை பெயின்டுக்கு வெளியே, வாயுவுக்குள் நிற்கிறது. பழைய அட்டையில் அடிக்கிறேன். முதலில் கருப்பு... வெளுக்கிறது... இப்போது சத்தம் மாறியது கேட்டதா? அட்டையில் நிறமே விழவில்லை. மூன்று நான்கு விநாடிதான், உடனே விரலை எடுத்துவிட வேண்டும். அதற்கு மேல் அழுத்தினால் வாயுதான் வீண். வாயு தீர்ந்த கேனில் எவ்வளவு பெயின்ட் மிச்சமிருந்தும் பிரயோஜனமில்லை. கடைசியில் நாசில் வாயை ஒரு துணியால் துடைத்துவிடுங்கள்.

டீ குடிக்கப் போகும்முன் நான் இதைச் செய்யவில்லை, அவ்வளவுதான் விஷயம். வேலை முடிந்த பிறகு மட்டும் செய்தால் போதும் என்று நினைத்திருந்தேன். ஐந்து பத்து நிமிடம் கேனைக் கீழே வைத்தாலும் செய்ய வேண்டும்.

ரோட்டில், மைதானத்தில் கோடு போடுகிற மார்க்கிங் கேனுக்கு மட்டும் இது பொருந்தாது. அது தலைகீழாகப் பிடித்து அடிப்பதற்கென்றே செய்தது. அதை நிமிர்த்தி அழுத்தினால்தான் வெறும் வாயு வரும்.

அப்புறம் குலுக்குவது. உள்ளே உருளும் குண்டின் சத்தம் கேட்கிறதல்லவா, லொடலொடவென்று? அது கேட்க ஆரம்பித்ததிலிருந்து ஒரு முழு நிமிடம் குலுக்க வேண்டும். குண்டு ஓடவில்லை என்றால் அடியில் படிந்த நிறமிக்குள் சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் அடித்தால் கட்டிதான் குழாயேறும். ப்ரைமரும் மெட்டாலிக் நிறங்களும் இதில் மோசம், சீக்கிரம் படியும். அடித்துக்கொண்டிருக்கும்போதும் நடுநடுவே நாலு குலுக்கு.

இப்போது நம்ம நோயாளிக்கு வருவோம். நாசிலை முகத்துக்கு எதிர்ப்பக்கம் பார்க்கத் திருப்பி, லேசாக முறுக்கி மேலே இழுக்கிறேன். வந்துவிட்டது. அடியில் ஒரு தண்டு நீட்டிக்கொண்டிருக்கிறது, அதன் பக்கவாட்டில் நகம் பட்ட மாதிரி ஒரு கீறல் தெரிகிறதா? பெயின்ட் உள்ளே நுழைவது அந்த வழியாகத்தான். எல்லோரும் முன் ஓட்டையையே முறைத்துக்கொண்டிருப்போம், பாதி நேரம் அடைப்பு இந்தக் கீறலில்தான் இருக்கும். இதோ, கருப்பாகப் பிசின் மாதிரி. சில கேனில் தண்டு கேனிலேயே நிற்கும், நாசிலில் குழி மட்டும் இருக்கும். அதிலும் உள்பக்கத்தைப் பார்க்க மறக்காதீர்கள்.

ஜாம் பாட்டிலில் ஒரு விரல் அளவு என்.சி. தின்னர், பெயின்டைக் கரைக்கிற திரவம். இதில் போட்டு மூடி வைக்கிறேன், கால் மணி நேரம். டீக்கடைப் பிளாஸ்டிக் கப் வேண்டாம். நான் ஒரு தடவை ஊற்றி, கப்பின் அடி கரைந்து மேசையில் வட்டம் விழுந்துவிட்டது, அம்மா அதன் மேல் காலண்டரைப் போட்டு மறைத்து வைத்திருக்கிறார்கள். தின்னர் இல்லையென்றால் அசிட்டோன் உள்ள நெயில் பாலிஷ் ரிமூவர் போதும். தண்ணீர் கலப்பு பெயின்ட் என்றால் காயும்முன் வெந்நீரும் சோப்பும்.

இது ஊறட்டும், அதற்குள் ஒரு சங்கதி. பெயின்டை ஸ்பிரே கேனில் அடைத்தவர் எட்வர்ட் சீமோர். 1949, அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் சிகமோர் என்ற ஊர். தன்னுடைய அலுமினியப் பூச்சை வாடிக்கையாளர்களுக்கு அடித்துக் காட்ட லேசான கருவி ஒன்று தேடிக்கொண்டிருந்தார். கேனில் அடைத்துப் பார்க்கலாமே என்று சொன்னவர் அவருடைய மனைவி பானி. காட்டுவதற்குச் செய்தது, அதுவே சரக்காகிவிட்டது.

இன்னொன்று, காலிக் கேன். ஓட்டை போடாதீர்கள், நெருப்பில் போடாதீர்கள். போகி அன்றைக்குப் பழைய சாமானோடு சாமானாக இது உள்ளே போய்விடும், பார்த்துக்கொள்ளுங்கள். காலி என்று நாம் சொன்னாலும் உள்ளே கொஞ்சம் வாயு இருக்கும், சூட்டில் வெடிக்கும். 50 டிகிரிக்கு மேல் சூடு படக் கூடாது என்று கேனிலேயே போட்டிருக்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் அது சாதாரணம்.

காலிக் கேனின் நாசிலை மட்டும் தூக்கிப் போட மாட்டேன். கழுவி இந்த மாத்திரை டப்பாவில் சேர்த்திருக்கிறேன், பதினோரு நாசில். தண்டு ஒரே மாதிரி இருந்தால் ஒன்றை எடுத்து மாட்டி வேலையைத் தொடரலாம்.

சரி, ஊறிவிட்டது. வாயால் ஊதாதீர்கள், தின்னர் அது. பழைய டூத்பிரஷ்ஷிலிருந்து ஒரு நைலான் மயிரைப் பிடுங்கி, தண்டுப் பக்கத்திலிருந்து உள்ளே விடுகிறேன்... கருப்பாக ஒரு துணுக்கு விழுந்தது, தெரிகிறதா? எறும்பின் தலை அளவுகூட இல்லை, காலையிலிருந்து என்னை நிறுத்தி வைத்தது இதுதான்.

துடைத்து, கேனில் மாட்டி, ஒரு நிமிடம் குலுக்கிவிட்டு, முதல் அடி அட்டையில்தான். ஒரு சின்னத் துப்பல், அது மிச்சமிருந்த தின்னர்... இப்போது பாருங்கள், சீராக வருகிறது.

அம்மா கீழேயிருந்து கூப்பிடுகிறார்கள். கொடியில் துணி காய்கிறதாம், எடுத்துவிட்டு அடிக்க வேண்டுமாம். இதோ எடுக்கிறேன்மா! ஒரு நிமிடம் மக்களே, முதலில் கேனைத் தலைகீழாகப் பிடித்து ஒரு அழுத்து.