கயிற்றில் ஏறிய கஞ்சி

நடுவர் ஐயாவுக்கும் சபையாருக்கும் ஸ்தோத்திரம், வணக்கம். நேரம் குறைவு, விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

பிறரைக் கிறிஸ்துவிடம் கொண்டுவருவது பிரசங்கமா, அன்றாட வாழ்க்கையா? வாழ்க்கைதான் என்பது எங்கள் அணி. எதிரணி அக்கா ஒரு போடு போட்டார்: "வாயே திறக்காமல் நின்றால் சாட்சி என்றால், சபை வாசலில் நிற்கிற விளக்குக்கம்பம்தான் பெரிய ஊழியக்காரர்!" நீங்களும் கைதட்டினீர்கள். அந்தக் கம்பத்தை நான் சும்மா விடப்போவதில்லை.

அக்கா, கரண்ட் இருந்தால்தானே கம்பம் எரியும்? நம் ரங்கூனில் கரண்ட் வருகிற அழகு இங்கே இருக்கிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஊரே இருண்டு கிடந்தபோது எரிந்த ஒருவரைச் சொல்கிறேன், கேளுங்கள்.

2021 ஜூலை. கொரோனா. ஆக்சிஜன் சிலிண்டரை வைத்துக்கொண்டு ஜனங்கள் வரிசையில் நின்ற நாட்கள். எங்கள் கட்டடத்தில் ஐந்தாம் மாடியில் ஒரு பர்மியக் குடும்பம், பௌத்தர்கள். வீட்டோடு எல்லோருக்கும் காய்ச்சல். லிஃப்ட் கிடையாது. அந்தப் படியில் கால் வைக்கவே எல்லோருக்கும் பயம். கீழ்வீட்டில் நம் சபை அத்தை ஒருவர். மாடியிலிருந்து தெருவரைக்கும் கயிறு தொங்குமே, நுனியில் கிளிப் மாட்டி? அத்தை அதை அசைப்பார். மேலே மணி அடிக்கும். கஞ்சிப் பையைக் கிளிப்பில் மாட்டுவார்.

முதல் நாள் பை ஏறவே இல்லை. இழுக்கிறவருக்குத் தெம்பு இல்லை. இரண்டாம் மாடி வரை போய் நின்றுவிட்டது. அத்தை கீழே அண்ணாந்தபடி நிற்கிறார். கொஞ்சம் ஏறுகிறது, மறுபடி நிற்கிறது. பை ஜன்னல் கம்பியில் இடிக்கிறது, கஞ்சி சிந்துகிறது. "மெதுவா, மெதுவா" என்று அத்தை தமிழிலேயே சத்தம் போடுகிறார், மேலே இருப்பவருக்குத் தமிழ் தெரியாது! மறுநாள் ரசம், காய்ச்சல் மாத்திரை. அதற்கடுத்த நாள் மறுபடி கஞ்சி, ஓரத்தில் ஊறுகாய். கயிறு வேகமாக ஏறிய அன்று அத்தை அழுதுவிட்டார். மேலே ஒருவர் தேறிவிட்டார் என்று அதை வைத்துத்தான் தெரிந்தது.

பையில் ஒரு துண்டுப்பிரதி வைத்திருக்கலாமே என்று அக்கா கேட்கலாம். நானும் அத்தையிடம் கேட்டேன். "காய்ச்சலில் கிடக்கிறவளிடம் கஞ்சிக்குக் காசு கேட்ட மாதிரி ஆகிவிடுமடா" என்றார்.

அந்த வீட்டுப் பெரியவர் பிழைக்கவில்லை. மாதங்கள் கழித்து அவர் மனைவி, அந்த அம்மா, இறங்கி வந்து அத்தையிடம் கேட்டார்: "சொந்தக்காரர்களே வரவில்லை. நீங்கள் ஏன் செய்தீர்கள்?" அப்போதுதான் அத்தை வாயைத் திறந்தார். கடைத்தெருவில் பழகிய பர்மிய மொழியில் இயேசுவைப் பற்றிச் சொன்னார். கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று பேதுரு எழுதியிருக்கிறார். முதலில் கேட்கிற ஆள் வேண்டுமே அக்கா! பேசவே கூடாது என்று நாங்கள் எங்கே சொன்னோம்?

எதிரணித் தம்பி, பர்மாவுக்கு வந்த அமெரிக்க மிஷனரி ஜட்சனைக் கொண்டுவந்தார். 1819இல் சாலையோரம் சயாத், அதாவது வழிப்போக்கர் தங்கும் மண்டபம், கட்டி உட்கார்ந்து பேசினார், அதே வருஷம் மௌங் நா என்ற முதல் பர்மியர் ஞானஸ்நானம் பெற்றார், பிரசங்கம்தான் ஜெயித்தது என்றார். சரி. ஜட்சன் ரங்கூனில் வந்து இறங்கியது 1813இல். நடுவே அந்த ஆறு வருஷம்? இந்த ஜனங்களின் பேச்சைக் கற்றார், இவர்கள் நடுவிலேயே குடியிருந்தார், பெற்ற பிள்ளையை இந்த மண்ணில் புதைத்தார். அதையெல்லாம் கணக்கில் எடுக்காமல் சயாத்தை மட்டும் எடுத்தால் எப்படித் தம்பி?

ஐயா, மணி அடிப்பதற்குள் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இன்னும் வாதங்கள் இருந்தன, விடுங்கள். அந்த அம்மா வருகிற ஞாயிறு ஆராதனையில் வந்து உட்கார்ந்து பார்க்கிறேன் என்றிருக்கிறார். நம் பாட்டு தெரியாது, எப்போது எழுந்து நிற்பது என்று தெரியாது, கணவரை இழந்த மனுஷி. தீர்ப்பை எந்தப் பக்கமும் சொல்லுங்கள் ஐயா. சபையாரே, உங்களிடம்தான் கேட்கிறேன். அன்றைக்கு யாரும் அவரை வெறித்துப் பார்க்காதீர்கள், கேள்வி மேல் கேள்வி கேட்காதீர்கள். நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுங்கள். எதிரணி அக்கா, உங்களுக்குப் பர்மிய மொழி நன்றாக வரும். நீங்கள் அவர் பக்கத்தில் உட்காருங்கள் அக்கா.