மகமையும் ஆய்வுக்கூடமும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

சமயப் பற்று மிகுந்த நாடுகளில் புதிய கண்டுபிடிப்புகள் குறைவாகப் பிறக்கின்றனவா என்பதைப் பொருளியல் அறிஞர்கள் எண்களைக் கொண்டு ஆராய்ந்து வருகிறார்கள். ரொலான் பெனாபூ, தவிடே டிக்கி, அந்திரேயா விந்திக்னி ஆகிய மூவரும் பல நாடுகளை ஒப்பிட்டபோது, பற்று கூடும் இடங்களில் தலைக்கு இத்தனை என்று கணக்கிடப்படும் காப்புரிமைகள் குறைந்து காணப்பட்டன. அமெரிக்க மாநிலங்களைத் தமக்குள் ஒப்பிட்டபோதும் அதே போக்குதான் தெரிந்தது. ஆனால் இரண்டு செய்திகள் சேர்ந்து வருவதாலேயே ஒன்று மற்றொன்றை விளைவித்தது என்று ஆகிவிடாது. சமயம் மக்களை எதைக் கற்க வைத்தது, அந்தக் கல்வி எந்த அளவில் நின்றது என்று பார்த்தால்தான் விடை பிடிபடும் என்பது என் கருத்து.

ஜெர்மனியை எடுத்துக்கொள்வோம். சீர்திருத்தக் கிறித்தவம், அதாவது புரோட்டஸ்டன்ட் சமயம், உழைப்பையும் சிக்கனத்தையும் அறமாக்கியதால்தான் அங்கே முதலாளித்துவம் தழைத்தது என்று ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாதிட்டார். சாஷா பெக்கரும் லுட்கர் வோஸ்மனும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு காரணத்தை முன்வைத்தது. விவிலியத்தை ஒவ்வொருவரும் தாமே படிக்க வேண்டும் என்பது அந்தச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதரின் கொள்கை. பள்ளிகளை நிறுவும்படி 1524-இல் அவர் நகர மன்றங்களுக்கு ஒரு மடலும் எழுதினார். வேதம் படிப்பதற்காகக் கற்ற எழுத்து, பின்னாளில் வணிகத்துக்கும் தொழிலுக்கும் பயன்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானிய அரசான பிரஷ்யாவில் சீர்திருத்தச் சபையினரின் பொருளாதார மேம்பாட்டை இந்த எழுத்தறிவே பெரும்பாலும் விளக்கிவிடுகிறது என்று அவ்விருவரும் காட்டினார்கள்.

பிரான்சின் கதை இதற்கு மறுபக்கம். பற்று மிகுந்த கத்தோலிக்க வட்டாரங்கள் தொழிற்புரட்சியின் முதற்கட்டத்தில் பின்தங்கவில்லை. வேதியியலும் மின்சாரமும் ஆலைக்குள் நுழைந்து, படித்த தொழிலாளி தேவைப்பட்ட இரண்டாம் கட்டத்தில்தான் பின்தங்கின என்று மாரா ஸ்குவிச்சரினி 2020-இல் எழுதினார். அங்கே சமயப் பள்ளிகளின் பாடத்திட்டத்தில் தொழில்நுட்பக் கல்விக்கு இடம் குறைவாக இருந்ததே காரணம். ஆக, நம்பிக்கை அதேதான். பள்ளிக்கூடம் கற்பித்தது காலத்துக்குப் போதுமானதா இல்லையா என்பதில்தான் வேறுபாடு. பட்டாணிச் செடிகளைக் கலந்து மரபியலுக்கு அடித்தளமிட்ட மெண்டல் ஒரு மடத்துத் துறவி என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

இனி நம் செட்டிநாட்டுக்கு வருவோம். நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டு வணிகச் சமூகத்தின் அமைப்பு முழுவதும் இளையாற்றங்குடி, மாற்றூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி முதலான ஒன்பது நகரக் கோயில்களைச் சுற்றி அமைந்தது. திருமணமானவர் தம் கோயிலில் ஒரு புள்ளியாகக் கணக்கில் வருவார். வரவில் ஒரு பங்கு மகமையாகக் கோயிலுக்கும் தருமத்துக்கும் போகும். பர்மாவின் ரங்கூனில் வட்டிக்கடை வைத்திருந்தவர்கள் மாதந்தோறும் முகல் தெருவிலிருந்த கோயிலில் கூடி, நடப்பு வட்டியை, அதாவது தமக்குள் கொடுக்கல் வாங்கலுக்கான வட்டி வீதத்தை, முடிவு செய்தார்கள். மத்திய வங்கி ஏதும் இல்லாத இடத்தில், கடல் கடந்த ஊரில், பெரிய தொகைகள் வாக்கை நம்பிக் கைமாறின. வாக்குத் தவறியவர் திரும்பி வந்து நிற்க வேண்டியது தம் கோயிலார் முன்னிலையில்தான் என்பதும் அதற்கு ஒரு காரணம். இது ஒரு பெரிய நிறுவனக் கண்டுபிடிப்பு என்றே நான் சொல்வேன். ஆனால் இதற்குக் காப்புரிமை வாங்க முடியாது. ஆகவே நான் முதலில் குறிப்பிட்ட அந்தக் கணக்கில் இது ஏறவே ஏறாது.

கல்வியும் அதற்கேற்றபடியே இருந்தது. வாய்பாட்டு நூலான எண்சுவடியை மனப்பாடம் செய்த பையன் பெட்டியடிப் பையன் என்னும் கடைநிலை உதவியாளாகக் கடையில் சேர்ந்து, அடுத்தாள் என்னும் துணைப் பொறுப்பாளனாகி, பிறகு மேலாள் என்னும் கடைப் பொறுப்பாளனாக மூன்றாண்டுத் தவணைக்குப் பர்மாவுக்கோ மலேயாவுக்கோ கப்பலேறுவான். கீழ்வாய் எனப்படும் மிகச் சிறிய பின்னங்களில் வட்டியை மனத்திலேயே போடும் திறம் அவனுக்கு வந்துவிடும். (இன்று கைப்பேசி இல்லாமல் கூட்டல் போடத் தயங்கும் நாம் அவனைக் கண்டு சற்றே வெட்கப்படலாம்.) எனினும் அந்தப் படிப்பு கணக்கை முடிக்கக் கற்றுக்கொடுத்ததே தவிர, ஏன் என்று கேட்டுச் சோதித்துப் பார்க்கக் கற்றுக்கொடுக்கவில்லை. இருக்கும் தொழிலை அது கூர்மையாக்கியது. 1930-களின் உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் பர்மாவில் கடன்கள் வசூலாகாமல், பணமெல்லாம் நெல்வயல்களாகக் கைக்கு வந்து முடங்கியபோது, மாற்றுத் தொழிலைக் காட்டும் வலிமை அந்தப் படிப்பிடம் இல்லை. பள்ளத்தூர் முருகப்பா குடும்பத்தைப் போலப் பர்மாவிலிருந்து திரும்பி ஆலைத் தொழிலில் காலூன்றியவர்களும் உண்டு. அவர்கள் 1949-இல் சைக்கிள் தொழிற்சாலை தொடங்கினார்கள். ஆனால் அத்தகையோர் சிலரே.

கோட்டையூர் அழகப்பச் செட்டியார் செய்தது இந்த இடத்தில் முக்கியமானது. காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் அமைவதற்காக அவர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953-இல் பொங்கல் திருநாளன்று இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். கோயில் திருப்பணியும் சத்திரமும் பாடசாலையும்தான் தருமம் என்று வழிவழியாகக் கருதிவந்த ஒரு சமூகத்தில், உலோகம் துருப்பிடிப்பதை ஆராயும் கூடத்துக்கும் அதே தருமக் கை நீண்டது. மண்டபம் கடற்கரையில் அந்த ஆய்வகத்தின் உலோக அரிப்பு ஆய்வு நிலையம் இன்றும் இயங்குகிறது.

பிரான்சில் 1882-ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பள்ளிகளின் பாடத்திலிருந்து சமயத்தை வெளியேற்றியது; அதற்கு முன்னும் பின்னும் பல்லாண்டுப் பூசல் நடந்தது. காரைக்குடியில் அப்படி எவரும் எவரையும் வெளியேற்றவில்லை. ஆனால் இங்கே அந்த மாற்றம் பெரும்பாலும் ஒரு தனிமனிதரின் மனவிரிவைச் சார்ந்து நிகழ்ந்தது. பிரான்சில் அது சட்டமாக நின்றது. ஆகவே செல்வந்தர் எவரும் முன்வராத ஊருக்கும் அது போய்ச் சேர்ந்தது. நம் சிற்றூர்ப் பள்ளிகளின் அறிவியல் கூடங்களைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாட்டையே நான் முதலில் வைப்பேன்.

நன்றி, வணக்கம்.