மாலை கழற்றிய பிறகு

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். நான் அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவன். என் சர்வீஸில் பெரும்பகுதி தருமபுரி – பெங்களூரு தடத்திலேயே ஓடிவிட்டது. பீடியில் ஆரம்பித்து, சம்பளம் ஏறியதும் சிகரெட்டுக்கு மாறி, பிறகு இரண்டையுமே விட்டுப் பல வருடங்கள் ஆகின்றன.

புகை பிடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல நான் இங்கே வரவில்லை. தியேட்டரில் படத்துக்கு முன்னால் அதைக் காட்டுகிறார்கள். பாக்கெட்டின் இரண்டு பக்கத்திலும் 85 சதவீத இடத்தில் படத்தோடு எச்சரிக்கை போட்டிருக்கிறார்கள். தெரியாமல் குடிக்கிறவர் யாரும் கிடையாது. விட்டபின் விட்டபடியே இருப்பது எப்படி, இன்னும் விடாதவர்களிடம் நாம் எப்படி நடந்துகொள்வது, இதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

கார்த்திகை பிறந்துவிட்டால் எங்கள் டிப்போவில் ஒரு வேடிக்கை நடக்கும். முதல் நாள் ராத்திரி வரை டீக்கு ஒன்று, சாப்பிட்டதும் ஒன்று, வண்டி எடுக்குமுன் ஒன்று என்று இழுத்துக்கொண்டிருந்த ஆள், மறுநாள் காலையில் துளசி மணி கழுத்தில் ஏறியதும் அதைத் தொடுவதில்லை. 41 நாள். சிலர் ஒரு மண்டலம் கணக்கு வைத்து 48 நாள். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றுவார். அன்றைக்குச் சாயங்காலமே தெருமுனைப் பெட்டிக் கடையில் நிற்பார்.

'சாமி பயம் போயிடுச்சு' என்று நாங்கள் சிரிப்போம். யோசித்துப் பார்த்தால் அதில் பயத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது.

உடம்புக் கணக்கை முதலில் பார்ப்போம். இழுத்த புகையிலுள்ள நிகோட்டின் மூளையைத் தொட ஏறக்குறைய 10 விநாடி போதும். அந்த வேகத்தால்தான் அது இப்படிப் பிடித்துக்கொள்கிறது. நிறுத்தினால் எரிச்சல், பசி, தூக்கம் கெடுவது, எதிலும் மனசு நிற்காமல் போவது எல்லாம் வரும். முதல் இரண்டு மூன்று நாளில் இவை உச்சத்துக்குப் போகும். இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். அப்படியானால் 41ஆம் நாள் மாலையைக் கழற்றுகிற மனிதனின் உடம்பு ஏறக்குறைய மீண்டுவிட்டது. கஷ்டமான பகுதியைத் தாண்டிவிட்டு, அதன்பிறகு போய்ப் பற்ற வைக்கிறார்! ஏன்?

மாலை போட்டிருந்த நாட்களில் அவரைச் சுற்றி என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். சின்னப் பையன்கூட அவரைச் 'சாமி' என்றான். யாரும் அவரிடம் சிகரெட்டை நீட்டவில்லை. கையில் பீடி வைத்திருந்தவன்கூட 'மன்னிச்சுக்குங்க சாமி' என்று தள்ளிப்போய் நின்றான். சரக்கு கிடையாது. விடிகாலையில் குளியல், சாயங்காலம் பஜனை என்று, வழக்கமாகப் பற்ற வைக்கிற வேளையில் வேறு வேலை வந்துவிட்டது. வீட்டில் அவர் கோபப்பட்டால், 'சாமி விரதத்துல இருக்காரு' என்று பொறுத்துக்கொண்டார்கள். இத்தனைக்கும் நடுவில், 'புகை கெடுதல்ப்பா' என்று ஒருத்தரும் அவருக்குப் புத்தி சொல்லவில்லை. அதைக் கவனிக்க வேண்டும். மாலையைக் கழற்றிய நிமிஷத்தில் இந்த ஏற்பாடு முழுக்கக் கலைந்துவிடுகிறது. பழைய கூட்டாளி அதே டீக்கடை வாசலில், 'வாப்பா, இப்பதான் மாலை இல்லையே' என்கிறான்.

கிருஷ்ணகிரிக்காரர் பாய் ஒருவர் எங்களோடு வேலை பார்த்தார். ரமலான் மாதம் முழுக்கப் பகலில் தொடமாட்டார், நோன்பு திறந்து கொஞ்ச நேரத்தில் பற்ற வைப்பார். எந்த நேரத்தில் ஊர் கூட நிற்கிறதோ, அந்த நேரத்தில் முடிகிறது. எந்தச் சமயமானாலும் கதை ஒன்றுதான்.

அதனால் விட்டவர்களுக்கு நான் முதலில் சொல்வது, 'மன உறுதி மன உறுதி' என்று மார்தட்டாதீர்கள், உங்கள் நாளில் எந்தெந்த வேளை ஆபத்து என்று பாருங்கள். ஓர் ஆசை எழுந்தால் சில நிமிஷம்தான் இருக்கும், நாம் இழுத்தாலும் இழுக்காவிட்டாலும் அது இறங்கிவிடும். ஓசூர் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைக்கும் நிமிஷம்தான் எனக்கு ஆபத்து. சாவியை எடுத்த கை நேராகச் சட்டைப் பைக்குப் போகும். அந்த நிமிஷத்துக்கு ஒரு வேலை வைத்தேன். கீழே இறங்கி, பாட்டில் தண்ணீரில் முகம் கழுவி, ஆறு டயரையும் தட்டிப் பார்த்து ஒரு சுற்று வருவது. சுற்றி முடிப்பதற்குள் ஆசை வடிந்திருக்கும். 'என்ன டிரைவரே, டயர்ல ஏதாவது பிரச்சனையா' என்று பயணிகள் பயந்து கேட்பார்கள், அது வேறு கதை.

அடுத்தது டீ. இது பலருக்குத் தெரியாத விஷயம். புகையிலுள்ள சில ரசாயனங்கள் கல்லீரலை முடுக்கிவிட்டு, டீ காபியிலுள்ள காஃபினைச் சீக்கிரம் கரைத்துவிடுகின்றன. புகையை நிறுத்தியதும் அந்த முடுக்கம் நின்றுபோகிறது. வழக்கமான அதே ஐந்து டீ குடித்தாலும் ரத்தத்தில் காஃபின் முன்னைவிட இரண்டு பங்கு வரைக்கும் நிற்கலாம். கை நடுக்கம், படபடப்பு, ராத்திரி தூக்கம் கெடுவது. 'சிகரெட் இல்லாமத்தான் இப்படி ஆகுது' என்று நாம் தப்புக் கணக்குப் போட்டு, ஒன்று பற்ற வைத்துவிடுகிறோம். டீயைப் பாதியாக்கிப் பாருங்கள். இதே மாதிரி ஆஸ்துமாவுக்கோ மனநலத்துக்கோ சர்க்கரைக்கோ மருந்து எடுப்பவர்கள், புகையை விட்ட செய்தியை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். சில மருந்துகளின் அளவை மாற்ற வேண்டியிருக்கும்.

ரேடியோவில் சொல்லலாமா என்று யோசித்தேன், சொல்லியே ஆகவேண்டும். 'பீடி இழுத்தாத்தான் எனக்கு வெளிக்கே போகும்' என்கிறவர்கள் நம் ஊரில் ஏராளம். அது சாக்குப்போக்கு இல்லை. நிகோட்டின் குடலை அசைக்கும், நிறுத்தினால் சில வாரம் மலச்சிக்கல் வரத்தான் செய்யும். நம் பக்கத்தில் இருக்கிற ராகிக் களியும் கீரையும் கொய்யாவும் எதற்கு? எழுந்ததும் இரண்டு சொம்பு தண்ணீர் குடியுங்கள், சரியாகிவிடும்.

இன்னொன்று இருமல். விட்ட புதிதில் சிலருக்கு இருமல் கூடும். 'குடிச்சப்ப நல்லாத்தான் இருந்தேன், விட்டதும் நோய் வந்துடுச்சு' என்பார்கள். புகையால் முடங்கிக் கிடந்த மூச்சுக்குழாய் மயிரிழைகள் மறுபடி வேலை செய்து சளியை வெளியே தள்ளுகின்றன, அவ்வளவுதான். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தாலோ சளியில் ரத்தம் வந்தாலோ அப்படியே விட்டுவிடக்கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள், காசநோய்க்குச் சளிப் பரிசோதனை இலவசம்.

சரி, எங்கே வழுக்குகிறது? சரக்கு போடுகிற இடத்தில் வழுக்கும், அதைச் சொல்லத் தேவையில்லை. நான் அதிகம் பார்த்தது எழவு வீட்டில். நம் கிராமங்களில் சாவு விழுந்தால் வாசலில் சாமியானா போட்டு, ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பக்கத்திலேயே நாலைந்து பீடிக் கட்டு, ஒரு தீப்பெட்டி வைப்பார்கள். ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும். தப்பட்டைச் சத்தம். சொந்தக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பீடியை உருவி, அடுத்ததை உங்கள் பக்கம் நீட்டுவார். மறுத்தால் துக்கத்தில் பங்கெடுக்காத மாதிரி ஒரு கூச்சம். என் மாமனார் ஊரில், விட்டு மூன்று வருடமான ஒருத்தர் அப்படி ஒன்றை வாங்கினார். காரியம் முடிந்து கிளம்பும்போது அவர் பையில் ஒரு கட்டு இருந்தது.

தாம்பாளத்தில் பீடி வைப்பது மரியாதை என்று யாரோ எப்போதோ ஆரம்பித்த பழக்கம். வெற்றிலை பாக்கோடு நிறுத்திக்கொண்டால் செத்தவருக்கு எந்த மரியாதையும் குறைந்துவிடாது என்பது என் அபிப்பிராயம். ஊர்ப் பெரியவர்கள் இதை மனது வைத்து மாற்றலாம்.

அப்படியே ஒன்று இழுத்துவிட்டீர்களா? அதோடு அதைக் கீழே போட்டு மிதியுங்கள். ஒன்று இழுத்தது வேறு, பழையபடி ஆவது வேறு. 'எல்லாம் போச்சு, இனி என்ன' என்று ஒரு பாக்கெட் வாங்குகிறோம் பாருங்கள், அங்கேதான் ஆள் கவிழ்கிறான். முதல் தடவையிலேயே விட்டவர் குறைவு. பலர் பல தடவை முயன்றுதான் விடுகிறார்கள்.

புகைக்குப் பதிலாக உதட்டுக்குள் பொட்டலம் வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2013 முதல் தமிழ்நாட்டில் குட்கா, புகையிலை கலந்த பான் மசாலா வகைகளுக்குத் தடை. ஓசூர் எல்லை தாண்டி வருவதைப் போலீஸ் பிடிக்கிற செய்தியைப் பேப்பரில் அடிக்கடி படிக்கிறோம். அதிலும் நிகோட்டின்தான். வாய்ப்புற்றுநோய் கூடுதலாக வரும். இ-சிகரெட்டும் 2019 முதல் நாடு முழுக்கத் தடை.

மருந்துக்கடையில் நிகோட்டின் சூயிங்கம் கிடைக்கிறது. 'போட்டேன், விக்கல்தான் வந்துச்சு, குமட்டுச்சு' என்று தூக்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைப் பிள்ளைகள் பபிள்கம் மெல்வது மாதிரி மென்றால் அப்படித்தான் ஆகும். நாலைந்து தடவை மெதுவாக மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவிட வேண்டும். காரம் குறைந்ததும் மறுபடி கொஞ்சம் மென்று, வேறு பக்கம் ஒதுக்க வேண்டும். அதற்கு முன் 15 நிமிஷம் டீ, காபி கூடாது, வாயில் புளிப்பு இருந்தால் மருந்து ஏறாது. இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் போடவேண்டாம்.

இலவச ஆலோசனைக்கு 1800-11-2356 என்ற எண் இருக்கிறது. ஒவ்வொரு பாக்கெட்டிலும் அச்சடித்திருக்கிறார்கள். ஆனால் நம் ஆட்கள் வாங்குவது சில்லறையாக ஒன்று, இரண்டு. பெட்டிக் கடையில் நூலில் தொங்குகிற லைட்டரில் அங்கேயே பற்ற வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். பாக்கெட் கடைக்காரரிடமே இருந்துவிடுகிறது. எண் எப்படிக் கண்ணில் படும்? அதனால் இன்னொரு முறை சொல்கிறேன், 1800-11-2356. குறித்துக்கொள்ளுங்கள்.

இனி, வீட்டில் இருப்பவர்களுக்கு. பிள்ளை தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்காதீர்கள். சத்தியம் வாங்கினால் விடுவதில்லை, மறைக்கிறார்கள். பாக்கு மென்றுகொண்டு, கொய்யா இலையைக் கசக்கி விரலில் தேய்த்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறவர், வழுக்கிவிட்டால் யாரிடமும் சொல்ல முடியாமல் தனியாக நிற்கிறார். முதல் இரண்டு வாரம் அவர் எரிந்து விழுவார். அப்போது பல வீடுகளில் ஒரு வசனம் வரும்: 'இதுக்கு நீ பேசாம பீடியே குடிச்சுத் தொலை!' அம்மா, தங்கச்சி, இந்த ஒரு வசனத்தை மட்டும் அந்தப் பதினைந்து நாள் விழுங்கிவிடுங்கள். மாலை போட்ட சாமியைப் பொறுத்துக்கொண்டீர்கள் அல்லவா, அதே பொறுமைதான். அவரிடம் கேட்கவேண்டியது, 'எந்த நேரத்துல ரொம்பக் கஷ்டமா இருக்கு?' என்பது. சாப்பிட்டதும் என்றால், தட்டைக் கழுவியதும் அவரோடு தெருவில் நாலு எட்டு நடந்துவிட்டு வாருங்கள்.

பையனைக் கடைக்கு அனுப்பி சிகரெட் வாங்கிவரச் சொல்வதை இன்னும் பார்க்கிறேன். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்பதே குற்றம். வீட்டுக்குள் பிடிக்காமல் இருப்பது, விடமுடியாதவரும் இன்றைக்கே செய்யக்கூடிய காரியம்.

புகையை விட்ட எங்களைப் போன்றவர்களிடம் ஒரு வியாதி இருக்கிறது. உபதேசம்! நேற்று வரை ஒன்றாக இழுத்தவன், இன்றைக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு பிரசங்கம் பண்ணினால் எதிராளிக்கு எரியும். பழைய கூட்டாளிகளை விட்டு ஒதுங்கிவிடு என்று சிலர் சொல்வதும் நடக்கிற காரியம் இல்லை. 2016-17இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் நாட்டில் பெரியவர்களில் 26.7 கோடிப் பேர் ஏதாவது ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துகிறார்கள் என்று வந்தது. எங்கே ஒதுங்குவது? நான் கடைசி வரை அதே டீக்கடையில்தான் நின்றேன், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் பார்த்து. டீக்குக் காசு நான் கொடுப்பேன், சிகரெட்டுக்குக் கொடுக்க மாட்டேன். இது எல்லோருக்கும் தெரியும். விடச் சொல்லி யாரையும் கேட்டதில்லை, யாராவது கேட்டால் மட்டும் பதில்.

என்னோடு நீண்ட காலம் ஓடிய நடத்துநர் ஒருவர் இன்னும் குடிக்கிறார். தருமபுரி ஸ்டாண்டில் பார்த்தால் பேசிக்கொண்டிருப்போம். போன மாதம் அவராகவே, 'ண்ணா, அந்த சூயிங்கம் கத எனக்கு இன்னொருக்கா சொல்லு' என்றார். சொன்னேன். 'மலைக்குப் போய்ட்டு வந்து பாத்துக்கலாம்' என்றார். இப்போது மாலை போட்டிருக்கிறார். தை முதல் வாரம் வருவார். அவர் கழற்றுகிற அன்றைக்குச் சாயங்காலம் டீக்கு நான் கூடப் போவதாகப் பேச்சு.

வாய்ப்புக் கொடுத்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.