கறையான் தின்ற பையும் திகதி போட்ட கொப்பியும்

வணக்கம். வயலால் வந்து கால் கழுவிக்கொண்டு நிற்பவர்களுக்கும், அடுப்படியில் வானொலியை வைத்துவிட்டுப் புட்டு அவித்துக்கொண்டிருப்பவர்களுக்கும், வன்னியில் எந்த மூலையில் இருந்து கேட்பவர்களுக்கும் என் வணக்கம்.

முப்பது வருடத்துக்கு மேல் இந்த மண்ணில் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக வேலை செய்தவன் நான். பீ.எச்.ஐ. என்றால்தான் பலருக்கு விளங்கும். கிணற்றுக்குக் குளோரின் போட வந்தவர் என்று என்னை நினைவு வைத்திருப்பவர்களும் இருப்பார்கள். இன்றைக்குப் பேச வந்தது வீட்டுக்குள் வரும் எலி, கறையான், கரப்பான் பற்றி. அவற்றை எப்படிக் கொல்வது என்பதை வேறொரு நாள் பேசலாம். வாடகை வீட்டிலோ, அரசாங்கக் குவாட்டர்ஸிலோ இவை பெருகி, வீட்டுக்குப் பொறுப்பானவர் திரும்பியும் பார்க்காவிட்டால் குடியிருப்பவர் என்ன கேட்கலாம், எதைக் காட்டிக் கேட்கலாம் என்பதுதான் விஷயம்.

இதைப் பேச வேண்டும் என்ற எண்ணம் ஒரு தொலைபேசி அழைப்பில் தொடங்கியது. என் தங்கையின் மகள், எனக்கு மருமகள், அமெரிக்காவில் இருக்கிறாள். அவளுடைய கணவர் அந்த நாட்டு இராணுவத்தில் வாகனம் திருத்தும் பகுதியில் வேலை. முகாமுக்குள்ளேயே குடும்ப வீடு. ஒரு நாள் இரவு, அவர்களுக்கு அது பகல், கூப்பிட்டாள்.

"மாமா, சீலிங்குக்குள்ளை எலி ஓடித் திரியுது. பிள்ளையின்ரை தொட்டிலுக்குள்ளையும் புழுக்கை கிடக்குது. நாலு தரம் சொல்லிப்போட்டம். பொறி ஒண்டு வைச்சிட்டுப் போறாங்கள், அவ்வளவுதான்."

எனக்கு முதலில் நம்ப முடியவில்லை. வன்னியில் படைமுகாம் என்றால் நமக்குக் கம்பிவேலியும், அந்த வேலிக்கு உள்ளே அகப்பட்ட நம்முடைய காணியும்தான் நினைவுக்கு வரும். அவ்வளவு பெரிய நாட்டின் படைமுகாமுக்குள் ஒரு தாய் எலிக்குப் பயந்து நித்திரை முழிப்பாள் என்று நான் நினைத்ததே இல்லை. நான் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "பிள்ளை, சொன்னதை எழுதி வைச்சனியோ?"

அவள் எழுதி வைக்கவில்லை. நாலு தரமும் தொலைபேசியில் சொன்னது. எந்தத் திகதி, யார் எடுத்துப் பேசினார்கள், ஒன்றும் இல்லை.

சரி, அந்த வீடு யாருடையது? அங்கேதான் சிக்கல். 1996இல் அமெரிக்கா ஒரு சட்டம் கொண்டுவந்து, படைக் குடும்ப வீடுகளைத் தனியார் கம்பனிகளிடம் கொடுக்கத் தொடங்கியது. காணி அரசாங்கத்தினுடையது, பெரும்பாலும் 50 வருடக் குத்தகை. வீட்டைக் கட்டுவது, திருத்துவது, வாடகை வாங்குவது எல்லாம் கம்பனி. இப்படி ஏறத்தாழ 2 லட்சம் வீடுகள். படைவீரருக்குக் கிடைக்கும் வீட்டுப் படி பெரும்பாலும் வாடகையாக நேரே கம்பனிக்குப் போய்விடும். வீடு நன்றாக இருந்தாலும் போகும், எலி ஓடினாலும் போகும்.

அரசாங்கத்தின் மேல் வழக்குப் போடலாமா என்றால், 1950இல் ஃபெரெஸ் என்ற வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு குறுக்கே நிற்கிறது. படைச் சேவையோடு சேர்ந்து வந்த தீங்குக்குப் படைவீரர் அரசாங்கத்திடம் நட்டஈடு கேட்க முடியாது. ஆனால் கம்பனி அரசாங்கம் இல்லையே. அதனால் குடும்பங்கள் கம்பனிகள் மேல் வழக்குப் போட்டன. வாடகை ஒப்பந்தத்தை மீறியது, குடியிருக்கத் தகுதியில்லாத வீட்டைத் தந்தது, கவலையீனம் என்று பல காரணங்கள். பூஞ்சணம், எலி, கரப்பான், ஒழுகும் குழாய் எல்லாம் அந்த வழக்குகளில் வருகின்றன. அதிலும் இன்னொரு முட்டுக்கட்டை உண்டு. முகாம் இருக்கும் காணி எந்த வருடம் மத்திய அரசின் கைக்கு முழுதாகப் போனதோ, அந்த நாளில் இருந்த மாநிலச் சட்டம்தான் அங்கே செல்லுபடியாகும் என்று கம்பனிகள் வாதாடும். பிறகு வந்த வாடகைக்காரர் பாதுகாப்புச் சட்டங்கள் வேலிக்கு வெளியே நின்றுவிடும். வேலிக்கு ஒரு பக்கம் ஒரு சட்டம், மறுபக்கம் இன்னொரு சட்டம் என்பது வன்னிச் சனத்துக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை.

இந்த இடத்தில் எனக்கு ஒரு ரீச்சர் நினைவுக்கு வருகிறார். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்ததில் பாதி அவரிடம் கற்றது.

போர் முடிந்து ஐந்தாறு வருடம் இருக்கும். ரீச்சருக்கு ஒரு உட்கிராமப் பாடசாலையில் வேலை, பக்கத்திலேயே குவாட்டர்ஸ். அவரிடம் ஒரு பை இருந்தது. உங்களில் எத்தனையோ பேரிடம் அப்படி ஒன்று இருந்திருக்கும். தகப்பனாருடைய காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புச் சாட்சிப்பத்திரம், ஓ.எல்., ஏ.எல். சான்றிதழ், ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ் எல்லாவற்றையும் சொப்பிங் பையில் சுற்றி, அதை ஒரு றெக்ஸின் பைக்குள் வைத்திருந்தார். விசுவமடுவில் இருந்து சுதந்திரபுரம், அங்கிருந்து மாத்தளன், பிறகு மெனிக் பாம் முகாம் வரைக்கும் தோளில் கொண்டுபோன பை. சமையல் பாத்திரத்தை விட்டுவிட்டு வந்தார், பையை விடவில்லை.

அந்தப் பையைக் குவாட்டர்ஸில் சுவரோடு சேர்த்துக் கட்டிய அலுமாரியின் கீழ்த்தட்டில் வைத்தார். தம்பிக்கு வீட்டுத்திட்டம் வந்தபோது உறுதி தேவைப்பட்டது. பையை எடுக்கக் கை வைத்தால், கை உள்ளே அமுங்கிப் போனது. வெளியே றெக்ஸின் அப்படியே இருக்கிறது. உள்ளே ஈரமண். கறையான் சுவரின் அடியில் இருந்து ஏறி, பையின் தையலுக்குள்ளால் போய், எல்லாவற்றையும் தின்று மண்ணால் நிரப்பி வைத்திருந்தது. உறுதியில் மிஞ்சியது சிவப்பு முத்திரை இருந்த ஒரு மூலை மட்டும். ரீச்சர் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னிடம் காட்டினார். ஷெல் வீச்சுக்கு நடுவே காப்பாற்றியதைக் கறையானுக்குக் கொடுத்துவிட்டேனே என்று அழுதார். அந்த மூலை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

பொறுப்பான அலுவலகத்தில் கேட்டபோது வந்த பதில், "ரீச்சர், கறையான் பற்றி நீங்கள் ஒருநாளும் அறிவிக்கவில்லையே." கோப்பில் ஒரு கடிதமும் இல்லை. அப்போது ரீச்சர் ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்து மேசையில் வைத்தார். பாடக்குறிப்பு எழுதும் அதே கொப்பி, பின்பக்கத்தில் இருந்து தொடங்கி எழுதியிருந்தார். இன்ன திகதி, கதவு நிலையில் மண்கோடு கண்டேன். இன்ன திகதி, கடிதம் அனுப்பினேன். இன்ன திகதி, வந்து பார்த்த ஓவசியர் மண்ணெண்ணெய் பூசச் சொன்னார். மூன்று கடிதத்துக்கும் பதிவுத் தபால் பற்றுச்சீட்டுகள் அந்தந்தப் பக்கத்தில் பசையால் ஒட்டியிருந்தன. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அதன் பிறகு குரலை உயர்த்தவில்லை.

நான் போய்ப் பார்த்து அறிக்கை எழுதினேன். ஒரு சட்டத்தரணி கடிதம் அனுப்பினார். கடைசியில் வழக்குக்குப் போகாமலே முடிந்தது. கதவு நிலைகளை மாற்றினார்கள், அத்திவாரத்தைச் சுற்றி மருந்து அடித்தார்கள், காணிப் பதிவகத்தில் உறுதியின் பிரதி எடுத்த செலவையும் கொடுத்தார்கள். தொகை பெரிதில்லை. "அறிவித்திருந்தும் திருத்தப்படவில்லை" என்று அவர்கள் எழுத்தில் ஒத்துக்கொண்டதைத்தான் ரீச்சர் பெரிதாக நினைத்தார்.

இனி அமெரிக்காவுக்குத் திரும்புவோம். எழுதி வைப்பது பற்றி நான் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்பது இப்போது விளங்கும். 2018இல் ரொய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் அந்தப் படை வீடுகளைப் பற்றித் தொடராக எழுதியது. 2019 பெப்ரவரியில் படைவீரர்களின் மனைவிமார் செனட் சபைக் குழுவின் முன் போய்ச் சாட்சி சொன்னார்கள். பிறகு வெளிவந்ததுதான் என்னை உலுக்கியது. பெல்போர் பீற்றி கொம்யூனிற்றீஸ் என்ற கம்பனி, என் மருமகளின் வீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, திருத்தவேலைப் பதிவுகளையே பொய்யாக எழுதியிருந்தது. முறைப்பாடு வந்து இத்தனை நாளுக்குள் திருத்தினால் படைத்தரப்பிடம் ஊக்கக் கொடுப்பனவு கிடைக்கும். அதனால் திருத்தாததைத் திருத்தியதாகவும், பிந்தியதை முந்தியதாகவும் பதிவு செய்தார்கள். 2013 தொடங்கி 2019 வரை. 2021 டிசம்பரில் கம்பனி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒத்துக்கொண்டது. 33.6 மில்லியன் டொலர் தண்டப்பணம், அதோடு 31.8 மில்லியனுக்கு மேல் திருப்பிக் கொடுக்க உத்தரவு. 2022 ஏப்ரலில் வந்த செனட் உபகுழு அறிக்கை, ஃபோர்ட் கோர்டன் முகாமில் 2019க்குப் பிறகும் அதே மாதிரிப் பதிவுக் குறைகள் தொடர்ந்ததைக் காட்டியது.

யோசித்துப் பாருங்கள். கம்பனியின் கணினியில் "எலி பிடிக்கப்பட்டது, வேலை முடிந்தது" என்று இருக்கிறது. தாயின் கையில் ஒன்றும் இல்லை. யார் சொல்வது எடுபடும்? அவளிடம் ஒரு கொப்பி இருந்தால் கதை வேறு. அந்த நாட்டிலும் இப்போது ஒரு நல்லது நடந்திருக்கிறது. 2019 டிசம்பரில் கையெழுத்தான சட்டத்தின்படி படைக் குடும்பங்களுக்கு உரிமைப் பட்டயம் வந்தது. வீட்டுக்குக் கையெழுத்துப் போடமுன் கடந்த 7 வருடத்தில் அந்த வீட்டில் என்னென்ன திருத்தவேலை நடந்தது என்று கேட்டுப் பார்க்கலாம். பிணக்கு விசாரிக்கப்படும்போது வாடகையை நிறுத்தி வைக்கும்படியும் கேட்கலாம். மருமகள் 7 வருடப் பதிவைக் கேட்டு எடுத்தாள். அவளுக்கு முன்னால் இருந்த இரண்டு குடும்பமும் எலி பற்றி முறைப்பாடு செய்திருந்தன. அதன் பிறகுதான் கூரை ஓரத்து இடைவெளியைத் தகரம் வைத்து அடைத்தார்கள்.

இப்படிப்பட்ட பிணக்கில் எதிர்த்தரப்பு எப்போதும் சொல்லும் ஒரு வார்த்தை உண்டு. "உங்களுடைய ஊத்தையால்தான் வந்தது." அமெரிக்காவிலும் அதுதான், இங்கேயும் அதுதான். குடும்பப் பெண்ணை வாய் மூட வைக்கும் வார்த்தை அது. அதற்குப் பதில் சொல்ல, பூச்சி எங்கால் வந்தது என்று காட்டத் தெரிய வேண்டும்.

கறையான் மண்ணில் இருந்து வருவது. எவ்வளவு கூட்டித் துடைத்தாலும் அத்திவார வெடிப்புக்குள்ளால் ஏறும். அது கட்டிடத்தின் குறை. மண்கோடு கண்டால் முழுவதையும் வழித்துவிடாதீர்கள். நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் உடைத்துவிட்டு, பக்கத்தில் பென்சிலால் திகதி எழுதிப் படம் எடுங்கள். மூன்று நாள் கழித்துப் பாருங்கள். உடைத்த இடம் ஈரமண்ணால் மூடியிருந்தால் உள்ளே உயிரோடு வேலை நடக்கிறது. அந்த இரண்டு படத்தையும் சேர்த்து வைத்தால், பழைய கறையான் தடம் என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

எலியும் அப்படித்தான். புதிய புழுக்கை கறுத்து மினுங்கும், மெத்தென்று இருக்கும். பழையது காய்ந்து, தொட்டால் பொடியும். வெறுங்கையால் தொட வேண்டாம், ஈர்க்குச்சியால் பாருங்கள். படுக்கமுன் சுவரோரம் கொஞ்சம் மாவைத் தூவிவிட்டு, விடியக் காலடியைப் பாருங்கள். எங்கிருந்து தொடங்கி எங்கே போகிறது என்று தெரியும். அது போய்ச் சேரும் ஓட்டை சீற்றுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தால் அது வீட்டுக்காரர் அடைக்க வேண்டியது. உங்கள் அரிசி வாளி மூடியில்லாமல் இருந்தால் அது உங்கள் பக்கம். இரண்டையும் நேர்மையாக எழுதுங்கள். நேர்மையாக எழுதிய கொப்பிக்கு மதிப்புக் கூட.

நம் நாட்டுச் சட்டம் பற்றி விரிவாகச் சொல்லத்தான் குறிப்பு எடுத்து வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து வானொலி நிலையத் தம்பி மூன்று விரலைக் காட்டுகிறார், மூன்று நிமிடம். ஓட்டமாகச் சொல்கிறேன், முடிந்தவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

அரசாங்கக் குவாட்டர்ஸ் என்றால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. இந்தக் குவாட்டர்ஸில் கடைசியாக எப்போது கறையான் மருந்து அடித்தீர்கள், திருத்தவேலைப் பதிவைத் தாருங்கள் என்று தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலைநாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். அமெரிக்கக் குடும்பங்கள் போராடி வாங்கிய அதே பதிவுதான் இது. பக்கத்துக் காணியின் குப்பையால் எலி பெருகினால் பீ.எச்.ஐ.யிடம் போங்கள், தொல்லை என்று நீதவான் முன் கொண்டுபோக வழியிருக்கிறது. வாடகைப் பிணக்கை முதலில் மத்தியஸ்த சபைக்குக் கொண்டுபோகலாம், சட்டத்தரணிக்குக் காசு இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அரசாங்கத்தின் மேல் வழக்கென்றால் ஒரு மாத அறிவித்தல் கொடுக்க வேண்டும்.

காலக்கெடுவும் உண்டு. எழுத்து ஒப்பந்தம் என்றால் வழக்குப் போட 6 வருடம், வாய்ப்பேச்சு என்றால் 3 வருடம், கவலையீனத்தால் வந்த இழப்பு என்றால் 2 வருடம். பார்த்தீர்களா, அங்கேயும் எழுத்துக்குத்தான் கூடுதல் காலம்.

தம்பி ஒரு விரல் காட்டுகிறார். எலிக்காய்ச்சல் பற்றிப் பத்து நிமிடம் பேச நினைத்தது இப்போது இவ்வளவுதான்: வயலுக்கு இறங்கமுன் தடுப்புக் குளிசையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டு வாங்குங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால், நாள் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், வீட்டில் எலி இருக்கிறது என்பதை டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். வணக்கம்.