கோழி அடைகாத்த தையல் மெஷின்

(‘போர் ஓய்ந்த மண்ணில் பெண்கள் மீண்டெழ முதலில் தேவை: தொழில் உதவியா, முடிவெடுக்கும் இடமா?’ என்ற பட்டிமன்றத்தில், ‘முடிவெடுக்கும் இடமே’ அணிக்காகச் சிங்கப்பூரில் பேசிய உரை)

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். எட்டே நிமிடம் என்பதால் வணக்கத்தை இத்துடன் முடித்துக்கொள்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் தலைப்பை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார். “இந்த அம்மா பொங்கோல் கோஸ்டில் ரயில் ஏறினால் தேக்கா வரும்வரை இருக்கையை விட மாட்டார். அதனால்தான் பெண்களுக்கு நாற்காலி கேட்கிற அணியில் போய் உட்கார்ந்திருக்கிறார். நாற்காலியை நறுக்கிக் குழம்பு வைக்க முடியுமா?” என்று கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். முன்வரிசையில் என் கணவரும் தட்டினார். அதை நான் வீட்டில் பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணே, நான் ஏறுவது முதல் நிலையத்தில். அங்கே ரயிலே காலியாக இருக்கும். சிராங்கூனில் ஏறுகிறவர்தான் தொங்கிக்கொண்டு வர வேண்டும். சமாதானப் பேச்சு நடக்கிற மேசையும் அப்படித்தான். துப்பாக்கியோடு முதல் நிலையத்திலேயே ஏறியவர்கள் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். கணவனைப் புதைத்துவிட்டு, பிள்ளையைத் தேடிவிட்டு, மாமியாருக்குக் கஞ்சி ஊற்றிவிட்டு ஓடி வருகிற பெண் ஏறும்போது இடமில்லை. இடம் கேட்டால், ‘குழம்பு வைக்க முடியுமா’ என்கிறார்கள்!

குழம்புக்கு அப்புறம் வருகிறேன். முதலில் கோழி.

என் அம்மா கல்யாணமாகிச் சிங்கப்பூர் வந்தவர். அவர் தங்கை, என் சித்தி, இலங்கையின் வடக்கே பரந்தனுக்கு உள்ளே ஒரு கிராமத்தில் தங்கிவிட்டார். 2009 மே மாதம் இலங்கையில் போர் முடிந்தது. சித்தி முகாமில் இருந்து, பிறகு ஊர் திரும்பினார். சித்தப்பா திரும்பவில்லை. அந்த ஒழுங்கையில், அதாவது அந்தச் சந்தில், ஆண் துணை இல்லாத வீடுகள் மட்டும் 14.

ஒரு நிறுவனம் வந்தது. நல்லவர்கள்தான், குறை சொல்ல மாட்டேன், பெயரும் சொல்ல மாட்டேன். 14 வீட்டுக்கும் 14 தையல் மெஷின் கொடுத்தார்கள். மூன்று வாரப் பயிற்சி. 14 பேருக்கும் சொல்லிக்கொடுத்தது ஒரே உடுப்பு: சிறுமிகளுக்கான பூப்போட்ட கவுன். இப்போது கணக்கைக் கவனியுங்கள். ஒழுங்கையில் தையல்காரிகள் 14 பேர். கவுன் போடுகிற வயதில் இருந்த சிறுமிகள் ஒன்பது பேர்! ஒன்பது பிள்ளைகளும் ஒரே பூவில் ஒரே கவுனைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போக, வாத்தியாருக்கு எது யார் பிள்ளை என்று தெரியாமல் போய்விட்டது.

பிறகு மெஷின் ஓய்ந்தது. ஓய்ந்த மெஷினின் இழுப்பறையில் பழைய துணி கிடந்தது. சித்தி வீட்டுக் கோழி பார்த்தது. மனிதர்கள் மூன்று வாரம் பயிற்சி எடுத்தும் கண்டுபிடிக்காத பயனை அது ஒரே மத்தியானத்தில் கண்டுபிடித்தது. ஏறி உட்கார்ந்தது. 12 முட்டை போட்டது. அடைகாக்கவும் ஆரம்பித்துவிட்டது.

ஆறு மாதம் கழித்துக் கண்காணிப்புக்கு ஒரு தம்பி வருகிறார். கையில் படிவம். வாசலிலேயே நின்று கேட்கிறார்: “அம்மா, மெஷின் பயன்பாட்டில் இருக்கிறதா?”

சித்தி பொய் சொல்லாதவர். “நாள் தவறாமல் இருக்கிறது, தம்பி.”

“மாத வருமானம்?”

“முட்டை விலையைப் பொறுத்தது.”

தம்பிக்குச் சரியாகக் கேட்கவில்லை போலும். ‘வருமானம் விலையைப் பொறுத்து மாறுகிறது’ என்று எழுதிக்கொண்டார். அடுத்த கேள்வி: “இதனால் வேறு யாருக்காவது வேலைவாய்ப்பு உருவானதா?” சித்தி உள்ளே திரும்பிப் பார்த்தார். “இப்போதைக்கு ஒருத்திதான் உட்கார்ந்திருக்கிறாள். 21 நாள் கழித்து வந்தீர்கள் என்றால் எண்ணிக்கை கூடும்.”

என் அணித்தலைவர் முறைக்கிறார். இந்தக் கதையை நான் போன வருடமும் சொன்னேனாம். அப்போது முட்டை எட்டு, இன்று 12 ஆகிவிட்டதாம். ஐயா, ஒரு வருடத்தில் கோழி நான்கு முட்டைகூடப் போடாதா?

சிரித்தீர்கள். சித்தியும் சிரித்துக்கொண்டுதான் எனக்குச் சொன்னார். “சரி சித்தி, உங்களுக்கு உண்மையில் என்னதான் தேவைப்பட்டது?” என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. “காலை 5 மணிக்கு ஒரு பஸ்” என்றார்.

அவரிடம் மாடு இருந்தது, தயிர் இருந்தது. பக்கத்து வீட்டில் மிளகாய். அதற்கடுத்த வீட்டில் வெண்டிக்காய். கிளிநொச்சிச் சந்தையில் விலை கிடைப்பது விடியற்காலையில். முதல் பஸ் வருவது 8 மணிக்கு. அதற்குள் வெயில் ஏறிவிடும், வியாபாரிகள் போய்விடுவார்கள், தயிர் புளித்துவிடும். இதை அந்த நிறுவனத்திடம் சொல்லவில்லையா என்றேன். “கூட்டம் வைத்தது மாலை 6 மணிக்குப் பிள்ளை, பள்ளிக்கூட மண்டபத்தில். அது பால் கறக்கிற நேரம். போன இரண்டு பேரையும் தேநீர் ஊற்றச் சொல்லிவிட்டார்கள்” என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. எட்டுப் பெண்கள் சேர்ந்து, எட்டு மெஷினையும் விற்று, மிச்சத்துக்குக் கைம்மாற்று வாங்கி, பழைய லான்ட்மாஸ்டர் ஒன்றை வாங்கினார்கள். இங்கே பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். இரண்டு சக்கர உழவு இயந்திரம், பின்னால் பெட்டி கட்டினால் வண்டி. விடியற்காலை நாலரைக்குத் தயிர்ச்சட்டிகளோடு புறப்பட்டது. தொழில் ஓடியது. நிறுவனத்தின் அறிக்கையில் அதை எப்படி எழுதினார்கள் தெரியுமா? ‘உதவிப் பொருள் விற்பனை. விதிமீறல்.’ கோழி உட்கார்ந்த வீட்டுக்கு ‘வெற்றி’ என்று குறி. லான்ட்மாஸ்டர் ஓட்டிய வீட்டுக்குச் சிவப்புக் கோடு.

இப்போது அண்ணனின் வாதம். “கடன் கொடுங்கள், தானாக முன்னேறுவார்கள்” என்றார். கொடுத்தார்களே! வாரத் தவணைக்கு வீட்டு வாசலில் ஆள் நிற்கிற நுண்கடன். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். கடைசியில் 2018இல் இலங்கை அரசாங்கமே, வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் வாங்கியிருந்த 1 இலட்ச ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவிக்க வேண்டி வந்தது. பணம் போனது, அண்ணே. என்ன வட்டி, எந்த நாளில் தவணை, அறுவடைக்கு முன்பா பின்பா என்று முடிவு செய்த இடத்தில் அந்தப் பெண்கள் யாரும் இல்லை.

தூரத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். மலாக்கா நீரிணையின் வடமுனைக்குப் போங்கள். இந்தோனேசியாவின் ஆச்சே. 2005இல் ஹெல்சிங்கியில் அரசாங்கத்துக்கும் சுதந்திர ஆச்சே இயக்கத்துக்கும் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. மறுவாழ்வு உதவிக்கு 3,000 முன்னாள் போராளிகள் என்று பட்டியல் வந்தது. அந்த இயக்கத்தில் ‘இனோங் பாலே’ என்று பெண்கள் பிரிவே இருந்தது. முதல் பட்டியலில் ஒரு பெண்கூட இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் சியரா லியோன். உள்நாட்டுப் போர் ஓய்ந்தபோது, துப்பாக்கியை ஒப்படைத்தால்தான் உதவி என்றார்கள். பெண்கள் கையிலிருந்த துப்பாக்கியைத் தளபதிகள் பிடுங்கித் தங்கள் ஆட்களிடம் கொடுத்தார்கள். கடத்தப்பட்டு, சமைத்து, சுமந்து, பிள்ளை பெற்ற சிறுமிகளிடம் ஒப்படைக்கத் துப்பாக்கி ஏது? 72 ஆயிரம் பேருக்கு மேல் அந்தத் திட்டத்தில் சேர்ந்தார்கள். பெண்கள் 5 ஆயிரத்தைக்கூடத் தொடவில்லை.

ஐநா பாதுகாப்பு மன்றம் 2000 அக்டோபர் 31ஆம் தேதியே 1325ஆம் தீர்மானத்தை நிறைவேற்றிவிட்டது: அமைதிப் பேச்சிலும் மீட்சியிலும் முடிவெடுக்கிற இடத்தில் பெண்கள் இருக்க வேண்டும் என்று. 2010இல் ஐநா தலைமைச் செயலாளர், அமைதியைக் கட்டியெழுப்ப ஐநா நிர்வகிக்கும் நிதியில் குறைந்தது 15 விழுக்காடு பெண்களுக்கான பணிகளுக்குப் போக வேண்டும் என்று இலக்கு வைத்தார். நூறு வெள்ளிக்குப் பதினைந்து வெள்ளி. மக்கள் தொகையில் பாதி, பதினைந்து வெள்ளி. நான் விமர்சிக்கவில்லை, மளிகைக் கணக்குப் பார்க்கிற பழக்கம், கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

சரி, குழம்பு. அண்ணன் நாற்காலியை மறக்கச் சொன்னார் அல்லவா? மாலை 6 மணிக்கு இந்த மேடைக்குப் பின்னால் நடந்ததை நான் சொல்லியே ஆக வேண்டும். எதிரணிக்கு ஒரு நாற்காலி குறைந்தது. ஏற்பாட்டாளர் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து வைத்தார். அண்ணன் உட்கார்ந்தாரா? “முக்காலியில் உட்கார்ந்தால் அவை என்னை மதிக்குமா?” என்று கேட்டார்! இவர் வாயால்! கடைசியில் நடுவர் அறையிலிருந்து மெத்தை வைத்த நாற்காலி வந்தது. இதோ, அதில்தான் இப்போது சாய்ந்திருக்கிறார். எழுந்திருக்க வேண்டாம் அண்ணே, வசதியாக இருங்கள். நாற்காலி குழம்புக்கு ஆகாது. ஆனால் என்ன குழம்பு, எத்தனை பேருக்கு, மீன் தலை யாருக்கு என்பதெல்லாம் முடிவாகிற இடம் அது. உங்களுக்கே தெரிந்திருக்கிறது.

நாற்காலி கொடுக்காதபோது என்ன செய்தார்கள் தெரியுமா? 2003இல் லைபீரியப் போரை நிறுத்தக் கானாவின் அக்ராவில் பேச்சு. ஆண்கள் விடுதியில் தங்கிச் சாப்பிட்டுக்கொண்டு வாரக்கணக்கில் பேசினார்கள். லைபீரியாவில் அமைதிக்காகப் பெண்களைத் திரட்டிய லேமா போவீயும் வெள்ளை உடுத்திய பெண்களும் வந்து, மண்டப வாசலில் கையைக் கையோடு கோத்துத் தரையில் உட்கார்ந்தார்கள். ஒப்பந்தம் வராமல் யாரும் வெளியே போக முடியாது என்றார்கள். கைது செய்ய ஆள் வந்தபோது, போவீ தன் உடையைக் களையத் தொடங்கினார். தாய் வயதுப் பெண்ணை அப்படிப் பார்ப்பது சாபம் என்று நம்புகிற மண் அது. வந்தவர்கள் பின்வாங்கினார்கள். ஆகஸ்டில் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2011இல் அவருக்கு நோபெல் அமைதிப் பரிசு.

இன்னும் ஒன்றரை நிமிடம் என்கிறார் நேரக் காப்பாளர். எழுதி வந்த குறிப்பில் இன்னும் மூன்று நாடுகள் இருக்கின்றன. மடித்து வைத்துவிடுகிறேன்.

என் அப்பாவைப் பெற்ற பாட்டி ஜொகூரில் ரப்பர்த் தோட்டத்தில் இருந்தவர். 1943இல் தாத்தாவை ஜப்பானியர்கள் சயாம் ரயில் பாதை போடக் கூட்டிக்கொண்டு போனார்கள். இந்த அவையில் எத்தனை வீட்டில் இந்தக் கதை இருக்கிறதோ. அவர் வரவில்லை. போர் முடிந்து, தோட்ட அலுவலகத்துச் சன்னல் ஓரம் பாட்டி கைக்குழந்தையோடு நின்றார். கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், உள்ளே நாற்காலியில் இருந்தார். கொடுத்ததை வாங்கிக்கொண்டார் பாட்டி. இன்னது வேண்டும் என்று கேட்கலாம் என்பதே அவருக்குத் தெரியாது. பிற்பாடு சிங்கப்பூருக்கு வந்து, வீவக என்கிற அரசாங்க அடுக்குமாடி வீட்டில் நான்கு நாற்காலி இருந்தும், சாகும்வரை தரையில்தான் உட்கார்ந்தார்.

எங்கள் புளோக்கில் மின்தூக்கியை எல்லா மாடியிலும் நிற்கவைக்கும் திட்டம் வந்தது. விளக்கம் சொல்ல ஒரு சீனப் பெண் வந்தாள், இருபது வயதுகூட இருக்காது. அப்பாவிடம் பேசினாள், என்னிடம் பேசினாள். பிறகு குனிந்து, தரையில் இருந்த பாட்டியிடம் மலாயில் கேட்டாள்: “நெனெக் (பாட்டி), நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?”

பாட்டி திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தார். யாரைக் கேட்கிறாள் என்று.

பின்னால் சுவர்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: “நிற்கட்டும். பக்கத்தில் ஒரு பெஞ்சு போடச் சொல்லு. அது வருகிறவரைக்கும் முட்டிவலிக்காரிகள் எங்கே உட்காருவார்கள்?”

அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். பெஞ்சு வந்தது. பாட்டி சாயங்காலத்தில் அதில் போய் உட்காருவார். நடுவில் உட்கார மாட்டார். யாராவது வந்து எழுந்திரு என்று சொல்லிவிடுவார்கள் என்பதுபோல, விளிம்பில், ஒரு கையை ஊன்றிக்கொண்டு.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. நன்றி.